நாலு மணி வண்டி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் அத்தையும் ஏதோ இருக்கிறோம். அத்தையின் முழங்கால் வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. சுவரைப் பிடிக்காமலே குளியலறை வரை போய்வருகிறார். உங்கள் உடம்பு எப்படி? போன மாதம் இருமல் என்றீர்களே, விட்டதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்க வேண்டாம். போனில் நீங்கள் "சொல்லுங்க அண்ணி" என்கிறீர்கள். நான் "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்கிறேன். பிறகு அம்மாவிடம் கொடுங்கள் என்கிறீர்கள். ஏழு மாதமாக இதையே பேசிக்கொண்டிருக்கிறோம். எழுதினால் ஒரு விஷயத்தையாவது முழுதாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

நவம்பர் வந்தால் உங்கள் அண்ணன் போய் ஒரு வருடம். அந்த மலைக்காட்டை நான் பார்த்ததே இல்லை. அன்று என்னை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே வெறும் மேகம். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். அழுகை வரும், மனசு ஆறும் என்றெல்லாம் எதிர்பார்க்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை, அதனால் பார்க்க வேண்டும்.

வன அலுவலகத்தில் விசாரித்தேன். இரண்டு விதமாக அனுமதி தருகிறார்களாம். பகல் சீட்டு என்றால் காலையில் அவர்கள் வண்டியிலேயே மேலே கொண்டுபோய், மாலை நாலு மணி வண்டியில் இறக்கிவிடுவார்கள். இரவுச் சீட்டு என்றால் விடுதியில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை இறங்கலாம். எதை எடுக்கட்டும்? அங்கே போய்வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களைக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அம்மா நடக்கிற செய்தியும் ஒன்றாகக் கிடைத்தன. எனக்கு இருமல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. லிப்டுக் குழிக்குள் இறங்கினால் தூசி. வேலையை விட்டால்தான் அதுவும் விடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பகல் சீட்டு போதும். மேலே பார்க்க பெரிதாக ஒன்றும் இல்லை. மரம், பனிமூட்டம், ஒரு ஓடை, அதன் மேல் மரப்பாலம். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இரவு தங்குவதென்றால் கஷ்டம். எட்டு மணிக்கு மேல் விளக்கு கிடையாது. போர்வை பூசணம் பிடித்த வாசனை. அட்டைகள் கட்டில் கால்வரை ஏறி வரும். உங்களால் ஒரு இரவு கண்ணை மூட முடியாது.

இங்கே இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நாலு லிப்டு மாட்டிக்கொண்டிருக்கிறோம். நவம்பருக்குள் முடிந்தால் நானும் வரப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மாவை மாத்திரையை மென்று தின்ன வேண்டாம், விழுங்கச் சொல்லுங்கள்.

தம்பி


ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம்தான். அத்தை மாத்திரையை மெல்லத்தான் செய்கிறார். "விழுங்கினா தொண்டையில நிக்குது, நின்னா யாரு வந்து எடுப்பா? லிப்டுல நின்னவங்களைத்தான் அவனுக்கு எடுக்கத் தெரியும்" என்கிறார். நீங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. அதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

பகல் சீட்டு எடுப்பதாகத்தான் நானும் இருந்தேன். ஆனால் பகலில் வருகிறவர்களுக்கு விடுதி அறைகளைத் திறந்து காட்டுவதில்லையாம். வராந்தாவோடு சரி. எனக்கு மரத்தையும் ஓடையையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த அறையைப் பார்க்க வேண்டும். அவர் எந்த அறையில் இருந்தார்? ஜன்னல் பக்கத்துக் கட்டிலா, கதவுப் பக்கமா?

ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலை எப்போதும்போலத்தான். ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு வருகிறது. மடிக்கிறோம், கிழிந்ததைத் தைக்கிறோம், வார்டு எண்ணை முத்திரை குத்துகிறோம். போன செவ்வாய்க்கிழமை உலர்த்தும் எந்திரத்திலிருந்து எடுத்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எதிர் மேசைக்காரி ஓடிவந்து பிடுங்கினாள். உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன. சூடாக இருந்ததே எனக்குத் தெரியவில்லை. இப்போது சரியாகிவிட்டது, கவலை வேண்டாம்.

பதில் போடுங்கள்.

அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கைக்கு மருந்து போட்டீர்களா? ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டு காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

அது இரண்டாம் அறை. எந்தக் கட்டில் என்று எனக்குத் தெரியாது. நான்தான் அன்றைக்கு நாலு மணி வண்டியிலேயே இறங்கிவிட்டேனே. வேலையிலிருந்து அவசரமாக அழைப்பு வந்தது, உங்களுக்குத்தான் தெரியுமே.

மறுபடியும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பகலில் போய்விட்டு வந்துவிடுங்கள். வராந்தாவில் நின்றாலே ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். நீங்கள் அங்கே தங்கினால் இங்கே அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்? ராத்திரியில் கழிவறைக்கு எழுந்தால் ஒரு கை வேண்டாமா?

நேற்று இன்னொரு கட்டடத்தில் லிப்டு நின்று, பதினாலாவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு கணவன் மனைவி மாட்டிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம். கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் வெளியே வந்தார்கள். உள்ளே போகும்போது சண்டையா, உள்ளே போன பிறகா என்று எங்கள் மேஸ்திரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி


ஆகஸ்ட் 7

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். கை ஆறிவிட்டது. அத்தைக்குத் துணைக்கு மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா ஓர் இரவு வந்து படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஆக, அந்தக் கவலை தீர்ந்தது.

வன அலுவலகப் படிவம் தபாலில் வந்துவிட்டது. பின்பக்கம் விதிகள் அச்சடித்திருக்கிறார்கள். நீங்களும் தெரிந்துகொள்ள சிலவற்றை அப்படியே எழுதுகிறேன்.

"ஓர் அறைக்கு இருவர். மாலை நாலு மணி வண்டிக்குப் பிறகு மறுநாள் காலை வரை வண்டி கிடையாது. விடுதியில் தொலைபேசி இல்லை. எந்தக் கைபேசியும் அங்கே வேலை செய்யாது. காவலரிடம் உள்ள வயர்லெஸ் மருத்துவ அவசரத்துக்கு அடிவாரத்திலிருந்து வண்டியை வரவழைக்க மட்டுமே. வெளியார் அழைப்புகள் தங்குபவர்களுக்குத் தெரிவிக்கப்படமாட்டா."

செப்டம்பர் முப்பதுக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும். எத்தனை பேர் என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

அண்ணி


செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை, போனும் இல்லை. அத்தை தினமும் கேட்கிறார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்புக்கு ஏதாவதென்றால் மறைக்காமல் ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவானாலும் எழுதுங்கள்.

அண்ணி


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருமல் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். ஆறாவதை யோசிக்காமல் எழுதி, எழுதிய கையோடு தபாலில் போட்டுவிடுவதாக இருக்கிறேன்.

அன்றைக்கு வேலையிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை. எங்கேயும் எந்த லிப்டும் நிற்கவில்லை. போன் அங்கே எடுக்காது என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதி அனுப்பிய வரியை விடுதிச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அண்ணனோடு சண்டையும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதையாவது சொல்லிக்கொள்ளலாம்.

காலையிலிருந்து நடந்தோம். அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையைக் காட்டுக்குள்ளும் விடாமல், தூரத்து மரத்தைக் காட்டி "அந்தக் கிளை தெரியுதா, அதுக்குப் பின்னாடி இருக்கிறது தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாலத்துக்கு மேலே ஏற்றத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா, மூச்சு வாங்குது. வயசாயிடுச்சில்ல."

சிரித்தார். ஆனால் இடது தோளைக் கையால் அழுத்திக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை எழுதிவிட வேண்டும்.

விடுதிக்குத் திரும்பியபோது என் சாக்ஸ் முழுக்க நனைந்திருந்தது. படுக்கையைத் தொட்டால் சில்லென்று ஈரம். இருட்டுகிறவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அலுப்பாக இருந்தது. அப்போது வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். கிளம்பிவிடலாமே என்று தோன்றியது. நாளைக்கு வேலை இருக்கிறது, இந்த வண்டியிலேயே போகட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"போயேன், யாரு பிடிச்சு வச்சா" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. மறுநாள் செய்தி வந்து, "நீ ஏன்டா அவன்கூட இல்ல" என்று அம்மா கேட்டபோது, அவசர அழைப்பு வந்தது என்று வாயில் வந்துவிட்டது. பிறகு எல்லாரிடமும் அதுவே ஆகிவிட்டது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து உடனே கீழே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதி வாக்கியத்தை நான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களை இரவு தங்க வேண்டாம் என்றது அட்டைக்காக இல்லை. தங்கினால் இரண்டு கட்டிலையும் பார்ப்பீர்கள் என்பதற்காக.

தம்பி


செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. இருமல் நின்றுவிட்டது என்பதை மட்டும் சொன்னேன்.

கோபம் வரும் என்று நினைத்து மூன்று நாள் வேலைக்குப் போகும்போதும் பையிலேயே வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் படித்தேன். வரவில்லை. மடித்து வைத்துவிட்டு மறுபடியும் விரிப்பு மடிக்கப் போனேன்.

நானும் ஒன்று எழுதுகிறேன். மலைக்குப் போவதற்கு முந்தைய ஒரு மாதமாகவே உங்கள் அண்ணன் விடியற்காலையில் எழுந்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்டால் வாயு என்பார். நான் வேலை பார்க்கிற கட்டடத்தில் இரண்டு மாடி ஏறினால் இதய டாக்டர். ஒரு சீட்டு எழுதி வாங்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். மலைக்குப் போய்வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தம்பி கூடவே இருக்கப்போகிறார், ஒரு ராத்திரிதானே என்றும் நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

படிவத்தை அனுப்பிவிட்டேன். இரவுச் சீட்டு. இரண்டாம் அறை. இரண்டு பேர். நவம்பர் 12. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று எழுத வந்தேன். அப்படி எழுதவில்லை. வாருங்கள்.

அண்ணி


நவம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் நல்லபடியாக இறங்கினீர்களா? அன்று காலை அடிவாரத்தில் உங்களைப் பார்த்தபோது இளைத்திருப்பதாகத் தோன்றியது. சொல்ல நினைத்து விட்டுப்போயிற்று. அத்தை சுகம். ஒரே நாளில் திரும்பிவிட்டேனே என்று டைப்பிஸ்ட் அம்மாவுக்குத்தான் வருத்தம். தலையணையோடு வந்தவர் தலையணையோடு மாடி ஏறினார்.

உங்களை அங்கே தனியாக விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பாலத்தைத் தாண்டி ஏற்றம் வரை நடந்தோம். அவர் உட்கார்ந்த இரண்டு இடத்தையும் காட்டினீர்கள். ஒன்று பாறை, ஒன்று விழுந்து கிடந்த மரம். நானும் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அறையைத் திறந்துவிட்டார்கள். இரண்டு கட்டில், சாம்பல் நிறப் போர்வை, சுவரில் ஆணி. ஜன்னல் பக்கத்துக் கட்டிலில்தான் என்று காவலர் சொன்னார். நான் அந்த விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் நூல் பிரிந்திருந்தது. எங்கள் துணி அறைக்கு வந்திருந்தால் அப்போதே தைக்கப் போட்டிருப்பேன். ஆறு மாதமாகப் பார்க்க வேண்டும் என்றிருந்த இடத்தில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

நீங்கள் உள்ளே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். செருப்புக்குள் தண்ணீர். வண்டி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாராவது கீழ வர்றீங்களா? இதான் கடைசி வண்டி."

"நான் வர்றேன்" என்றேன்.

"உள்ள இருக்கிறவரு?"

"அவர் இருப்பார். காவலர்கிட்ட சொல்லிடுங்க."

ஏறிவிட்டேன். பயமில்லை, துக்கமும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது என்ற நிறைவும் இல்லை. வண்டி நின்றது, ஏறினேன். இரவுச் சீட்டு என் கைப்பையிலேயே இருந்தது. முதல் வளைவு திரும்பும்போதுதான் நீங்கள் செப்டம்பரில் எழுதியது எனக்குப் புரிந்தது. மூன்று நாள் படித்தும் புரியாதது. உங்களுக்கு அன்றைக்குக் காரணம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏதோ இருக்கும், மறைக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இருக்காது போலிருக்கிறது.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்கள் அண்ணனும் நீங்களும் நானும் மூன்று பேருமே அதைச் சாதாரண நாள் என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறோம்.

சாப்பிட்டீர்களா என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதுங்கள்.

அண்ணி


நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சாப்பிட்டேன். உங்களுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டேன். ரொட்டி, உருளைக்கிழங்கு, ஆளுக்கு இரண்டு முட்டை. ஆக, நாலு முட்டை. இளைத்திருக்கிறேன் என்று இனிமேல் நீங்கள் சொல்ல முடியாது.

வெளியே வந்து பார்த்தால் படியில் நீங்கள் இல்லை. வண்டிச் சத்தம் கீழே கேட்டது. எனக்கும் கோபம் வரவில்லை. இந்தத் தடவை இறங்க எனக்கு வழியே இல்லாமல் போயிற்று, அதுவும் நல்லதுதான் என்று இருந்தது.

காவலர் என்னைக் காலையிலேயே அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார். உங்களுக்கு முன்னால் பேசவில்லை. சாப்பாடு வைக்கும்போது கேட்டார்.

"போன வருஷம் முன்னாடியே இறங்கினவர்தானே நீங்க?"

ஆமாம் என்றேன். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அன்று மாலை அண்ணன் எப்படி இருந்தார் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். நான் போன பிறகு அண்ணன் நாற்காலியை வராந்தாவில் போட்டுக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாராம். "நல்லவேளை கிளம்பிட்டான். எங்க தம்பி இருந்தா விளக்கு ஏன் எரியல, தண்ணி ஏன் சூடா இல்லன்னு உங்களைப் பிடுங்கி எடுத்திருப்பான்" என்று சொல்லிச் சிரித்தாராம். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஒன்பது மணிக்குப் போய்ப் படுத்துவிட்டார். வயர்லெஸ் இருந்த அறை பத்தடி தூரம். கூப்பிட்டிருந்தால் தனக்குக் கேட்டிருக்கும், கூப்பிடவே இல்லை என்று காவலர் இரண்டு மூன்று தரம் சொன்னார். அவரும் அதையே சுமந்துகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். பதிவேட்டில் பெயர்களைத் தங்க வருகிறவர்களையே எழுதச் சொல்லுவார், கவனித்தீர்களா? எழுதத் தெரியாமல் இல்லை. கிட்டத்து எழுத்து தெரியாது. அன்று மாலை அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எப்போதும் பையில் வைத்திருக்கும் கண் சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்கு முன்னால் வைத்து, தீப்பெட்டியில் இருந்த எழுத்தைப் படிக்கவைத்திருக்கிறார். பவரை ஒரு தாளில் குறித்து, "ஊருக்குப் போனதும் அனுப்பி வைக்கிறேன்" என்று அவரிடமே கொடுத்திருக்கிறார். காவலர் அந்தத் தாளைப் பதிவேட்டின் அட்டைக்குள் வைத்திருக்கிறார். ஒரு வருடமாக யாரிடமும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்றார்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணன் கையெழுத்து உங்களுக்குத் தெரியும்.

கதவுப் பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். விடிகிறவரை தூங்கினேன். அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு வருகிறேன். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

தம்பி


டிசம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் வருகிற செய்தியைச் சொன்னதிலிருந்து அத்தை, வந்தால்தான் நிஜம் என்று சொல்லிக்கொண்டே உங்கள் பழைய மெத்தையை வெயிலில் போடச் சொல்லிவிட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை உங்கள் அண்ணன் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவர் போன பிறகு அந்தத் தெருவழியாக நான் போகவே இல்லை. முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தாளை நீட்டினேன். இரண்டு கண்ணுக்கும் பிளஸ் இரண்டேகால் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "சார் போட்ட பவர்னா மறுபடி பார்க்க வேண்டியதில்லம்மா" என்றார். உட்கார நாற்காலி கேட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள், யாரும் என்னைக் கவனிக்கவில்லை, அழுது முடிக்கும்வரை வசதியாக இருந்தது.

லென்ஸ் தயார். பிரேம்தான் நிற்கிறது. காவலருக்கு அகலமான முகமா, ஒடுங்கிய முகமா என்று முதலாளி கேட்டார். ஒரு பகல் முழுக்க எங்களுக்கு முன்னால் நடந்தார், கதவைத் திறந்துவிட்டார், எந்தக் கட்டில் என்று சொன்னார். எனக்கு அவர் முகமே ஞாபகம் இல்லை. அன்று நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். எப்படிப்பட்ட முகம் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

அண்ணி